சுக்காத்தியர் வீட்டுப் பிள்ளை

முதலாம் நாளாகமத்தை ஆசைப்பட்டு வாசித்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதன் தொடக்கம் முழுக்கப் பெயர்கள். இன்னான் இன்னானைப் பெற்றான், அவன் இன்னானைப் பெற்றான் என்று அதிகாரம் அதிகாரமாகப் போகும். அதன் இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், ஒருவர் கண்ணிலும் படாத மூலையில், சுக்காத்தியர் என்றொரு குலம் கிடக்கிறது. வேதாகமம் முழுவதிலும் அந்தப் பெயர் வருவது அந்த ஒரே இடத்தில்தான். அவர்கள் யாரோடு சண்டை போட்டார்கள், எங்கே அடங்கினார்கள், ஒன்றும் கிடையாது. பெண்கள் நகைக்கும் சேலைக்கும் அலைவார்கள் என்பார்கள். நான் அலைந்தது இந்தப் பெயரின் பின்னால்.

அப்போது இரண்டாம் உலக யுத்தகாலம். எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அரிசிக்குக் கூப்பன், மண்ணெண்ணெய்க்கு வரிசை. சிலாபத்துக்கு வடக்கே கரையோரமாக இருந்த ஒரு கிராமத்தில் கத்தோலிக்கக் கோவில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை தந்திருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு கதிரை, கதவு பொருந்தாத ஓர் அலுமாரி. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிய பிறகு அங்கே ஓர் அமைதி வரும். அந்த அமைதியை நான் மனதார வெறுத்தேன். கரும்பலகையைத் துடைப்பேன். துடைத்ததை மறுபடியும் துடைப்பேன். பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

ஊரார் நல்லவர்கள்தான். ரீச்சர், ரீச்சர் என்று வழிவிட்டு நிற்பார்கள். பெரிய மீன் பட்டால் ஒரு துண்டு வரும். ஆனால் ஒருவரும் வந்து உட்கார்ந்து நாலு கதை கதைக்கமாட்டார்கள். மரியாதை கொடுத்தே மனிதரைத் தள்ளிவைக்கலாம் என்பதை அங்கேதான் படித்தேன். இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் கரையில் புதிதாக வந்த ஆளிடம் முதலில் கேட்பது எந்த ஊர் என்று. அதைச் சொல்லிவிட்டால் உங்கள் சாதி, சொந்தம், யார் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனது வரைக்கும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். என்னிடம் கேட்டபோது நான் படித்த கன்னியர் மடத்தின் ஊரைச் சொன்னேன். அது ஊர் இல்லை என்று கேட்டவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு மேல் கதை நகரவில்லை.

எனக்கு ஊர் கிடையாது. எங்கள் ஆட்கள் வாடிக்காரர். வாடி என்றால் மீன்பிடிக் காலத்துக்குக் கடற்கரையில் போடுகிற குடில். கடலை ஒட்டிய களப்பில் வெட்டிய கண்டல் மரத் தடிகளை நட்டு, தென்னங்கிடுகால் கூரையும் சுவரும் கட்டுவது. ஐப்பசியில் கற்பிட்டிப் பக்கத்து மணல்திட்டுக்கு வந்து போடுவோம். சித்திரையில் கச்சான் காற்று எழும்பி மேற்குக் கடல் குமுறத் தொடங்கியதும் கழற்றிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் போய்ப் போடுவோம். வள்ளத்துக்கும் வலைக்கும் சொந்தக்காரரான சம்மாட்டியாரோடு வந்த மற்றக் குடும்பங்களுக்கு இரண்டு கரைக்கும் நடுவில் ஊர் என்று ஒன்று இருந்தது, ஒரு துண்டு வளவாவது இருந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. சிலாபத்தில் இருந்த காணிப் பங்கு அப்பாவின் தகப்பன் காலத்திலேயே கைமாறிவிட்டது. இந்தக் கரையிலும் வாடி, அந்தக் கரையிலும் வாடி.

வாடிக்கு ஒரு முறை இருந்தது. போகும்போது எல்லாவற்றையும் கழற்றினாலும் வாசல் தடி இரண்டில் ஒன்றை மட்டும் பிடுங்காமல் விட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷம் அந்தத் தடியைப் பார்த்துத்தான் அவரவர் இடத்தில் அவரவர் வாடி எழும்பும். இடையில் வேறொருவர் அந்த இடத்தில் கைவைக்கமாட்டார். இனி இந்தக் கரைக்கு வருவதில்லை என்று முடிவெடுத்தவர்கள்தான் கடைசித் தடியையும் பிடுங்குவார்கள். வாசல் தடி இரண்டுமே காய்ந்த தடியாக இருக்கவேண்டும். பச்சைத் தடி நடக்கூடாது. நட்ட தடி துளிர்த்துவிட்டால் அந்த வாடியில் ஓர் ஆள் கரையில் தங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. தங்குவது என்றால் மணலுக்குள் தங்குவது. துளிர்த்த தடியைப் பிடுங்கி எறிந்து தப்பவும் முடியாது. பிடுங்கினால் இன்னும் சீக்கிரம் என்பார்கள்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது எங்கள் வாசல் தடி துளிர்த்தது.

அம்மாதான் முதலில் கண்டார். காலையில் வாசலுக்கு வந்தவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். தடியின் நுனிக்குக் கீழே பூவரசு இலை இரண்டு, சிறுபிள்ளையின் காது அளவில், பளபளவென்று இருந்தது. அது வரைக்கும் அந்தத் தடியை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. அந்த வருஷம் அப்பா புதிதாக நட்ட தடி கண்டலாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். மத்தியானத்துக்குள் திட்டு முழுவதும் தெரிந்துவிட்டது. பெண்கள் எங்கள் வாசலுக்கு வந்து செபமாலை சொன்னார்கள். சொல்லி முடித்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்கள், யார் என்று பார்ப்பதுபோல.

அப்போது அப்பாதான் சம்மாட்டியாரிடம் அந்த யோசனையைச் சொன்னார். ஓர் ஆள் கரையில் தங்கத்தான் வேண்டும் என்றால் உயிரோடு தங்கினால் என்ன? சிலாபத்தில் கன்னியாஸ்திரிகள் பெண்பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிப்பிக்கிறார்களாம். சம்மாட்டியார் யோசித்துவிட்டு அது சரிதான் என்றார். பெண்களும் சரி என்றார்கள். அண்ணன் வலைக்குத் தேவை. தங்கச்சி நாலு வயதுக் குழந்தை. மிச்சம் நான்.

அந்த வருஷம் பங்குனியில் கற்பிட்டிப் பக்கத்துத் தலவிலக் கோவிலில் அன்னம்மாள் திருநாள் முடிந்ததும் கிழக்குக்குப் போகும் முன் என்னை மடத்தில் விட்டார்கள். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டு சொன்ன வார்த்தை இதுதான்: "உன்னைக் குடுத்து எல்லாரையும் மீட்டன் பிள்ளை." அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது முள்ளாகத் தைத்தது. நான் படிக்க வரவில்லை, ஒரு தடிக்குக் கொடுத்த காணிக்கையாக வந்திருக்கிறேன் என்று விளங்கிக்கொண்டேன். அந்த எண்ணத்தோடுதான் வாய்ப்பாடு படித்தேன், தையல் படித்தேன், சோதனை பாஸ் பண்ணினேன். வருஷத்துக்கு ஒருமுறை தலவிலத் திருநாளில் அவர்களைக் காண்பேன். அம்மா கருவாட்டுப் பொதியை என் மடியில் வைத்துவிட்டு அழுவார். எனக்குப் பதினேழு வயதில் அவர் கிழக்குக் கரையில் காய்ச்சலில் போய்விட்டார். எனக்குச் செய்தி வந்தபோது முப்பதாம் நாள் பூசையும் முடிந்திருந்தது. அப்பாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஓம், உன்னைத்தான் கொடுத்தோம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

இப்போது பெயருக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் தபால் கந்தோர். போஸ்ற்மாஸ்ரரின் மனைவி யாழ்ப்பாணத்தவர், புரட்டஸ்தாந்துக்காரர், ஒரு போதகரின் மகள். சுற்றிலும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இருந்த அந்த இடத்தில் அவருடைய வேதக்காரர் என்று அவரும் புருஷனும்தான். புருஷன் எந்நேரமும் தந்தியோடு. ஆக அந்த அம்மாவும் என்னைப்போலத் தனி ஆள். பின்னேரங்களில் நான் அங்கே போய் இருப்பேன். பனங்கட்டியோடு தேத்தண்ணீர் கிடைக்கும். ஆனால் அதற்கு விலை உண்டு. அவர் தினமும் வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தைச் சத்தமாக வாசிப்பார், நான் கேட்கவேண்டும். புரட்டஸ்தாந்து வேதாகமத்தைக் கையால் தொடக்கூடாது என்று எங்களுக்குக் கட்டளை. காதால் கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை.

அவர் வரிசையாக வாசிப்பவர். நாளாகமம் வந்தபோது நான் சொன்னேன், "அம்மா, இந்தப் பெயரெல்லாம் தாண்டிப் போகலாமே."

"கர்த்தர் எழுதினதைத் தாண்ட நாங்கள் ஆர் ரீச்சர்? பேசாமல் கேளுங்கோ."

கேட்டேன். பேன் பார்க்கும்போது தூக்கம் வருமே, அப்படித் தூக்கம் வந்தது. அப்போதுதான் அந்த வசனம். யாபேஸ் என்ற ஊரில் குடியிருந்த கணக்கரின் குலங்கள்: திராத்தியர், சிமாத்தியர், சுக்காத்தியர். அவர்கள் ரேகாப் வீட்டாரோடு சேர்ந்த கேனியர். கணக்கர் என்றால் பழைய காலத்தில் எழுத்து வேலை செய்தவர்கள். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கட அப்பாவுக்கு எபிரேயம் கொஞ்சம் தெரியும். சுக்கா எண்டால் குடிலாம். இலை தழை போட்டுக் கட்டுறது. யூதர் கூடாரப் பண்டிகைக்கு வீட்டை விட்டு வந்து அதுக்குள்ளதான் இருப்பினம். அப்ப சுக்காத்தியர் எண்டால் குடிலில இருந்த சனமாயிருக்கும் எண்டுவார்."

"வாடிக்காரர்?" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

அவர் சிரித்தார். "ஓம், வாடிக்காரர் எண்டும் சொல்லலாம்."

அன்றைக்குத்தான் முதல்தடவையாக நான் யாரென்று ஒருவரிடம் சொன்னேன். தடி துளிர்த்ததையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை ரீச்சர். ஒரு தடி துளிர்த்ததுக்கு ஆர் என்ன செய்யிறது?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. ஆனால் அந்தப் பெயர் என்னோடு அறைக்கு வந்துவிட்டது. குடிலில் இருந்தவர்களுக்கு ஒரு குலப்பெயர் இருந்திருக்கிறது. அதுவும் எழுதுகிற குலம். வேதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். கரும்பலகையில் அந்தப் பெயரை எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் வருமுன் அழித்துவிட்டேன்.

மாதத்தில் ஒருமுறை பூசைக்கு வருகிற சுவாமி வெள்ளைக்காரர், வயதானவர். எங்கள் தமிழை அச்சுப் புத்தகத்தில் படித்தவர், அதனால் அச்சுப் புத்தகம் போலவே பேசுவார். பூசை முடிந்து அவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

"சுக்காத்தியர் என்ற பெயரை நீர் எங்கே கண்டீர்?" என்றார். சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. புரட்டஸ்தாந்துக்காரரின் புத்தகம் ஆத்துமத்துக்கு என்னென்ன செய்யும் என்று ஒரு சிறு பிரசங்கம் நடந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பிரசங்கம் முடிந்ததும் அவரே காற்றடிக்கிற பம்பைக் கீழே வைத்துவிட்டு, "எங்கே, பார்ப்போம்," என்று கோவில் அறைக்குள் போய்த் தம்முடைய லத்தீன் வேதத்தை எடுத்துவந்தார். ஆளுக்கும் ஆசை வந்துவிட்டது.

புரட்டினார், விரலை வைத்தார், வாய்க்குள் வாசித்தார். பிறகு சிரித்தார். "இங்கே அந்தப் பெயரே இல்லை."

கிடைத்த ஒரே பெயரும் போயிற்றே என்று நினைத்தேன். அவர் விளக்கினார். லத்தீனில் மொழிபெயர்த்த அந்தப் பழைய மனிதர் யூத ஆசிரியர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியவராம். இந்த மூன்று பெயர்களையும் பெயராக விடாமல் பொருளாகவே மாற்றிவிட்டாராம். ஆகவே லத்தீனில் குலங்கள் இல்லை. பாடுகிறவர்கள், முழங்குகிறவர்கள், கூடாரங்களில் தங்குகிறவர்கள் என்றுதான் இருக்கிறது. அவர்கள் புறப்பட்டுவந்த இடத்தின் பெயரையும் அப்படியே பெயர்த்து, வெப்பத்திலிருந்து வந்தவர்கள் என்று போட்டுவிட்டார்.

"வெக்கையிலிருந்து வந்தவர்களா சுவாமி?"

"ஆம். உங்கள் கற்பிட்டியைப் போல." அது அவருடைய நகைச்சுவை. நான் சிரிக்கவில்லை.

அது சரியான பொருள்தானா என்று கேட்டேன். யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றார். குடில் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். இல்லை, அது ஏதோ அழிந்துபோன ஊரின் பெயர், அந்த ஊரார் என்பதுதான் பொருள் என்பார்கள் வேறு சிலர். ஒரே ஒரு தடவை வருகிற சொல்லுக்குச் சாட்சி சொல்ல வேறு வசனம் இல்லை. ஆனால் ரேகாப் வீட்டாரைப் பற்றித் தெரியும் என்றார். அவர்களுடைய முன்னோர் ஒருவர் ஒரு கட்டளை வைத்துவிட்டுப் போனார்: வீடு கட்டாதே, விதைக்காதே, திராட்சை நடாதே, உன் நாளெல்லாம் கூடாரத்தில் குடியிரு. பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதைக் காப்பாற்றினார்கள்.

நடாதே என்ற சொல்லை வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் வாசல் தடிக்கும் அதுதானே சட்டம்.

"அப்படியென்றால் சுவாமி, ஒன்று விளங்கவில்லை. நாள் முழுக்கக் கூடாரத்தில் அலைகிறவர்கள் எப்படிக் கணக்கராக ஆனார்கள்? எழுதப் படிக்க ஒரு இடத்தில் இருக்கவேண்டாமா?"

அவர் வேதத்தை மூடினார். "எனக்கு அது தெரியாது, மகளே. நல்ல கேள்வி." சைக்கிளில் ஏறப்போனவர் திரும்பி, "நான் என் தாயின் வீட்டை விட்டு வந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. எழுதுகிறவன் எல்லாம் எங்கிருந்தோ வந்தவன்தான்," என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த வருஷப் பங்குனியில் தலவிலைக்குப் போனேன். தலவிலையை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திருநாளுக்கு வருகிற சனம் கோவில் வளவெங்கும் மரத்தடியில் கிடுகுக் குடில் போட்டுத்தான் தங்கும். கொழும்புத் துரைமார் வீட்டு ஆட்களும் அந்த ஒரு கிழமைக்குக் கிடுகுக்குக் கீழேதான் படுக்கவேண்டும். தமிழும் சிங்களமும் கலந்து ஒரே இரைச்சல், கடலை வறுக்கிற மணம், மெழுகுதிரிப் புகை. அப்பாவின் குடில் வழக்கம்போல வளவின் ஓரத்தில், கடல் தெரிகிற பக்கம் இருந்தது. அவர் தனியாக வந்திருந்தார். அண்ணன் திருகோணமலைத் துறைமுகத்தில் யுத்த வேலைக்குப் போய்விட்டான். தங்கச்சி கிழக்கிலேயே கல்யாணம் முடித்துவிட்டாள்.

அப்பா கிழண்டுபோயிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, தான் இருந்த பெட்டியைத் தட்டித் துடைத்து, "இருங்கோ ரீச்சர்," என்றார். பகிடிக்குத்தான். ஆனால் எனக்கு அது சுட்டது. ஊரில்தான் ரீச்சர் என்றால் இங்கேயுமா?

பெட்டியில் இராமல் மணலில் இருந்தேன். சுக்காத்தியர் கதையைச் சொன்னேன். குடிலில் இருந்த குலம், எழுதின குலம், வெக்கையிலிருந்து வந்தவர்கள், லத்தீனில் பாடுகிறவர்கள். அவர் சுருட்டைக் கொளுத்தாமல் வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பாடினவையோ? உன்ர கொம்மா இருந்தால் சந்தோசப்பட்டிருப்பாள். நான் பாடினால் மீனும் ஓடிப்போம்."

நான் ரேகாப் வீட்டாரின் கட்டளையையும் சொன்னேன். வீடு கட்டாதே, நடாதே. அவர் முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது. சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது. "அப்பா, அந்தத் தடி துளிர்த்ததுக்காகத்தானே என்னை விட்டனீங்கள்? மற்றவை தப்ப வேணும் எண்டுதானே என்னைக் குடுத்தனீங்கள்? அம்மா என்ர தலையைத் தடவிச் சொன்னவ."

பக்கத்துக் குடிலில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் அப்பா கதைத்தார்.

"களப்பில கண்டல் தடிக்குப் பஞ்சமோ பிள்ளை? அந்த வருசம் வள்ளம் நிறையக் கண்டல் கிடந்தது. நான்தான் ஊர்மனைப் பக்கம் போய்ப் பூவரசு வெட்டிக்கொண்டு வந்தனான். பச்சையா. பட்டையில சேறு பூசி நட்டனான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நான் கடலால வந்து வாசலில நிண்டு கால் கழுவுவன். நினைவிருக்கோ?"

நினைவிருந்தது. திட்டில் நல்ல தண்ணீர் என்றால் மணலைத் தோண்டின பூவலில் ஊறுகிற தண்ணீர்தான். பெண்கள் நடந்துபோய் அள்ளிவந்து குடத்தில் வைப்பார்கள். அந்த வருஷம் அப்பா தினமும் அதில் ஒரு செம்பு எடுத்து வாசலில் நின்று கால் கழுவுவார். கடலில் நின்றுவிட்டு வந்து நல்ல தண்ணீரில் கால் கழுவுகிற துரையைப் பாருங்கள் என்று அம்மா திட்டு முழுக்கக் கேட்கும்படி ஏசுவார். அப்பா சிரித்துக்கொண்டு இன்னொரு செம்பு ஊற்றுவார்.

"காலுக்கு இல்லை," என்றார் அப்பா. "தடிக்கு."

அவர் தொடர்ந்து சொன்னார்.

"நீ மணலில எழுதிக்கொண்டிருப்பாய். வள்ளத்தில எழுதியிருக்கிறதைப் பாத்து, எண்ணெய்த் தகரத்தில இருக்கிறதைப் பாத்து. என்னெண்டு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காத்து வந்து அழிச்சுப்போடும். நீ திரும்ப எழுதுவாய். திரும்ப அழிக்கும். எனக்கு அதைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாமல் போச்சுது."

"கேட்டிருக்கலாமே அப்பா. சும்மா கேட்டிருக்கலாமே."

"ஆரிட்டக் கேக்கிறது? பிள்ளையை விட்டுட்டுப் போற பழக்கம் எங்கட ஆக்களுக்கு உண்டோ? சம்மாட்டியார் சிரிப்பார். கொம்மா என்னைக் கொண்டே போட்டிருப்பாள். நான் சொன்னால் ஒருத்தரும் கேக்கமாட்டினம். தடி சொன்னால் கேப்பினம்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

கையிலிருந்த சுருட்டை மணலில் குத்தினார், எடுத்தார், மறுபடி குத்தினார். "சொல்லுவம் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்," என்றார். பிறகு, "நான் செய்தது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. நீ படிச்சனி. நீதான் சொல்லவேணும்," என்றார்.

எனக்கு வந்தது கோபம். சந்தோஷம் என்று எழுதினால் பொய். அம்மா பெற்ற பிள்ளையை ஒரு பொய்ச் சகுனத்துக்குக் கொடுத்து, அந்த நெருப்போடு செத்தவர். நான் பதினாலு வருஷம் என்னை ஒரு காணிக்கை என்று நினைத்து எவரோடும் ஒட்டாமல் இருந்தவள். இதையெல்லாம் இந்த மனிதர் ஒரு செம்புத் தண்ணீரால் செய்திருக்கிறார். அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, அவர் காலைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. எழும்பிப் போய் அடுப்பை மூட்டித் தேத்தண்ணீர் வைத்தேன்.

அவர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் சுவாமியிடம் நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. நட மறுத்த குலத்திலிருந்து எழுதுகிறவர்கள் எப்படி வந்தார்கள்? எங்களைப் போலத்தான் வந்திருக்கவேண்டும். கட்டளையை மீறி ஒருவன் திருட்டுத்தனமாக ஒரு தடிக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பான். ஒரு பிள்ளை யாபேஸ் என்ற ஊரில் தனியாக விடப்பட்டிருக்கும். அதற்கு எழுத்து வந்திருக்கும், பாட்டு வந்திராது. குடிலில் இருப்பவர்களுக்குத் தங்களைக் குடிலார் என்று பெயர் வைத்து எழுத என்ன தேவை? அந்தப் பெயரை எழுதினது வெளியே நின்ற ஆளாகத்தான் இருக்கும். இதற்கு என்னிடம் சாட்சி கிடையாது. சுவாமி கேட்டால் தலையாட்டமாட்டார்.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. சரி என்றோ பிழை என்றோ பதிலும் சொல்லவில்லை.

கொடி இறக்கின மறுநாள் சனம் குடில்களைக் கழற்றத் தொடங்கியது. நானும் அப்பாவும் கழற்றினோம். எனக்குக் கட்டு அவிழ்க்கத் தெரியவில்லை, நகம் பிய்ந்தது. "சோக்கட்டி பிடிக்கிற கையல்லோ," என்று அவர் பகிடி பண்ணினார். கிடுகு முழுவதையும் அடுக்கினார். தடிகளைப் பிடுங்கிக் கட்டினார். கடைசியில் ஒரு தடி நின்றது. நான் அதில் கை வைத்தேன்.

"விடு," என்றார். "அது நிக்கட்டும்."

"இதென்ன வாடியோ அப்பா? திருநாள் குடில்தானே. இதுக்கு ஆர் தடி விடுறது?"

"அது உனக்கு." தடியைப் பிடித்து ஆட்டி இறுக்கிப் பார்த்தார். குனிந்து காலால் மணலை அணைத்தார். "கண்டல்தான். நல்லாக் காய்ஞ்சது. துளிர்க்காது, பயப்பிடாதை."

வண்டி வந்தது. அவர் ஏறிப் போனார்.

ஆவணியில் ஒரு பின்னேரம் போஸ்ற்மாஸ்ரரின் மனைவி பள்ளிக்கூடத்து அறைக்கு வந்தார். அவர் என் அறைக்கு வந்தது அதுதான் முதல்தடவை. கையில் தந்தி இருந்தது. அவர் வாசலில் நின்ற விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அப்பாவும் போய்விட்டார், அம்மாவைப் போலவே, அதே கரையில், அதே காய்ச்சலில். இந்தமுறையும் அடக்கம் முடிந்திருந்தது. அந்த அம்மா அன்றைக்கு வேதம் வாசிக்கவில்லை. என் கட்டிலில் பக்கத்தில் இருந்தார், விளக்கு வைக்கும் வரைக்கும் இருந்தார். அவர் போன பிறகு, சொல்லாமல் விட்ட பதில்தான் என்னோடு இருந்தது. சரிதான் அப்பா என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்வதற்கு எனக்கு என்ன கஷ்டம் இருந்தது?

அடுத்த பங்குனியில் தலவிலைக்குத் தனியாகப் போனேன். போகிற வழியெல்லாம் ஒரே யோசனை. இடையில் ஆவணித் திருநாளும் வந்து போயிருக்கிறது. எத்தனை ஆயிரம் சனம், எத்தனை அடுப்பு. ஒரு காய்ந்த தடியை விறகுக்கு எடுக்காமல் யார் விடுவார்கள்? இல்லாவிட்டால் பூசை கண்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவது என்று நினைத்துக்கொண்டேன்.

தடி நின்றது. கொஞ்சம் சாய்ந்திருந்தது. வெயிலில் வெளிறிப் போயிருந்தது. யாரோ அதில் ஆட்டைக் கட்டியிருந்த கயிற்றுத் துண்டு ஒன்று தொங்கியது. ஓர் இலை இல்லை. அதைக் கையால் பிடித்துக்கொண்டு அழுதேன். சனக்கூட்டத்துக்கு நடுவில் என்றும் பார்க்கவில்லை.

பிறகு கிடுகு வாங்கினேன், வேறு தடிகளும் வாங்கினேன். நட்டு, கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி, மத்தியானம் திரும்பும்போது குடில் என்று சொல்லக்கூடிய ஒன்று நின்றது. பக்கத்துக் குடிலில் ஒரு மனுஷி தேங்காய் துருவுவதை விட்டுவிட்டு இவ்வளவு நேரமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்தவள்போல இருக்கிறாள், தனியாக வந்திருக்கிறாள், கட்டத் தெரியவில்லை என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். கடைசியில் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்.

"நீங்கள் எந்த ஊர் ஆள் பிள்ளை?"

"ஊர் இல்லை," என்றேன். "நாங்கள் வாடிக்காரர். இந்தத் தடி அப்பா விட்டது."

அவர் எழும்பி வந்து தடியைப் பார்த்தார். பிறகு நான் கட்டிய கட்டுக்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, அவிழ்த்துச் சரியாகக் கட்டத் தொடங்கினார்.